சாய்வின் வர்க்கம் பூஜ்ஜியம்

இல்ல தம்பி, பை என் மடியிலேயே இருக்கட்டும். மேல வைக்க வேண்டாம். கனமெல்லாம் ஒண்ணும் கிடையாது, மெத்துமெத்துன்னுதான் இருக்கு. பாப்பா வேணும்னா அது மேல சாஞ்சுக்கிடட்டும். நீங்க நல்லா நகந்து உக்காருங்க. மூணு பேர் சீட்டுன்னு எழுதிப் போட்டிருக்கான், எந்த மூணு பேரை வச்சு அளந்தானோ தெரியல.

தூத்துக்குடிக்கா போறீங்க? நானும் அங்கதான். அங்கருந்து தெக்க ஒரு கடற்கரைக்குப் போகணும், கார் அனுப்புதேன்னு சொல்லியிருக்காங்க. ஒரு விழா. என்னைச் சிறப்பு விருந்தினர்னு போட்டிருக்கு. பேரு ஆவுடையப்பன். கணக்குப் பேராசிரியர், துறைத்தலைவர். காலேஜ் பேரு வேண்டாம், சொன்னா உடனே பீஸ் எவ்வளவுன்னு கேப்பீங்க.

என்ன தேடுதீங்க, டிக்கெட்டா? கண்டக்டர் இன்னும் பின்னாடிதான் நிக்காரு. பொறுமையா எடுக்கலாம், உள்ள வைங்க.

கணக்குன்னதும் உங்க முகம் சுருங்குது பாத்தீங்களா. எல்லாருக்கும் அப்படித்தான். உடனே 'எங்க கணக்கு வாத்தியார் இருக்காரே, பிச்சு எடுத்துருவாரு'ன்னு ஒரு கதை சொல்லுவாங்க. நான் யாரையும் தொட்டது கிடையாது. கேள்வி மட்டும்தான் கேப்பேன். அதுக்கு அடியே தேவலைன்னு பிள்ளைங்க பேசிக்கிடுவாங்களாம். அது வேற விஷயம்.

என் மனசுல ஒரு ஆத்தாமை இருக்கு தம்பி. யார்கிட்டயாவது சொன்னாத்தான் ஆறும். உங்களுக்குப் புரியும்படியாவே சொல்லுதேன், பயப்படாதீங்க.

எங்க துறையில ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. அதுல இயற்கணிதம் போடுற மென்பொருள் ஒண்ணு இருக்கு. கால்குலேட்டர் மாதிரி இல்ல. கால்குலேட்டருக்கு எண் வேணும், இதுக்கு எழுத்து போதும். ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்னு கொடுத்தா அதுவே விரிச்சு, கூட்டி, கழிச்சு, அடுக்கிக் கொடுத்துரும். நீங்களும் நானும் நோட்டு நோட்டாப் போட்டுக் கடைசிப் பக்கத்துல கழித்தல் குறியைக் கோட்டை விடுற கணக்கை, டீ ஆறுறதுக்குள்ள போட்டுரும்.

அதுகிட்ட 'இதுக்குப் பதில் அதைப் போடு'ன்னு சொல்ல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, அந்த ஒரு கணக்குக்கு மட்டும். கிளப்புக்கடையில 'இந்தக் காப்பிக்குச் சீனி வேண்டாம்'னு சொல்லுதோம்லா, அப்படி. அடுத்த காப்பியில சீனி இருக்கும். இன்னொண்ணு விதி. 'எனக்கு இனிமே சீனி கிடையாது'ன்னு வீட்டுல சொல்லிட்டீங்கன்னு வைங்க. காப்பியில இருக்காது, டீயில இருக்காது, பொங்கலன்னைக்குப் பாயசத்துலயும் இருக்காது. நீங்களா வாயைத் திறந்து 'சரி, போடு'ன்னு சொல்லுற வரைக்கும் போட மாட்டாங்க. விதின்னா அப்படி. கொடுத்தவனே எடுக்கணும்.

ஒரு தரம் எங்க மாணவன் ஒருத்தன் 'ஏ'க்குப் பதில் 'பி' போடு, 'பி'க்குப் பதில் 'ஏ' போடுன்னு ரெண்டு விதியையும் சேத்துக் கொடுத்துட்டான். சிஸ்டம் 'ஏ'யிலிருந்து 'பி'க்கும் 'பி'யிலிருந்து 'ஏ'க்கும் நடையா நடந்து, கடைசியில அப்படியே நின்னு போச்சு. எங்க காலேஜ்ல லீவு கேக்கிற மாதிரி. பிரின்சிபால் 'துறைத்தலைவரைப் பாருங்க'ம்பாரு, நான் 'பிரின்சிபாலைப் பாருங்க'ம்பேன். பிள்ளைங்க ரெண்டு நடை நடந்துட்டு, கேக்காமலே ஊருக்குப் போயிருவாங்க. சிஸ்டத்துக்கு அந்தப் புத்தி கிடையாது.

போன தை மாசம் எம்.எஸ்சி. பிள்ளைங்களுக்கு ஊசல் நடத்தினேன். பழைய சுவர்க் கடிகாரத்துல ஆடுமே, அது. அது கொஞ்சூண்டுதான் சாயும். பத்துல ஒரு பங்குன்னு வைங்க. அதோட வர்க்கம் நூத்துல ஒரு பங்கு. அந்தத் தூசியைக் கட்டிக்கிட்டு அழ வேண்டாம்னு விட்டுருவோம். உலகம் பூரா விடுதான், நான் கண்டுபிடிச்சது இல்ல. சாய்வுக்கு ஹெச்னு எழுத்து. 'ஹெச் வர்க்கத்துக்குப் பதில் பூஜ்ஜியம்'னு ஒரு விதி கொடுத்தேன். வர்க்கம் போனா அதுக்கு மேல உள்ள கனமும் போச்சு, மத்த எல்லாமும் போச்சு, ஏன்னா எல்லாத்துக்குள்ளயும் வர்க்கம் இருக்கு. விடை ஒத்த வரியில வந்து நின்னுச்சு. பிள்ளைங்க எழுதிக்கிட்டாங்க, மணி அடிச்சுது, நானும் சாப்பிடப் போயிட்டேன்.

விதியைத் திரும்ப எடுத்தேனான்னு கேக்கீங்களா? நீங்க கேக்கல. சரி. அவ கேட்டா.

அவ யாருன்னா, சண்முகவடிவு. என்கிட்ட பிஎச்.டி. பண்ணிக்கிட்டிருந்த பொண்ணு. நல்லாப் படிக்கக்கூடியவதான், இல்லைங்கல. ஆனா சந்தேகம்னு ஒரு வியாதி. எதைச் சொன்னாலும் 'ஏன் சார்?' இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல நான் அத்தனை 'ஏன்' கேட்டதில்ல.

இன்னொண்ணும் சொல்லணும். அந்த சிஸ்டத்தை நாங்க அணைக்கிறதே கிடையாது. அணைச்சா திரும்ப எந்திரிக்க அது பண்ணுற அலப்பறை தாங்காது. கரண்டு போனாலும் நிக்காம இருக்கப் புது யு.பி.எஸ். வேற வாங்கிப் போட்டிருந்தோம். 'அணைக்காதே - துறைத்தலைவர்'னு நானே எழுதி ஒட்டி வச்சிருக்கேன். தை மாசம் திறந்த மென்பொருள் திறந்தபடியே கிடக்கும். வந்தவங்க அதுலயே உக்காந்து கணக்குப் போட்டுட்டுப் போவாங்க.

அந்தச் சமயத்துலதான் செல்லத்துரை அண்ணாச்சி வந்தாரு. உப்புல சம்பாதிச்சாரு, ஐஸ் பேக்டரியில சம்பாதிச்சாரு, இப்ப படகு. சனங்களைக் கடல்ல ஒரு சுத்துக் கூட்டிட்டுப் போய் டால்பின் காட்டுற படகு. கீழ ஒரு தளம், மேல மாடி. 'சார், மாடியில எத்தனை பேரை ஏத்தலாம்னு காலேஜ் லெட்டர்ஹெட்ல எழுதிக் கொடுங்க, ஆபீஸ்ல பிரேம் போட்டு மாட்டணும்'னாரு.

என்ன, நீங்க ஏதோ சொல்ல வாரீங்க. இருங்க தம்பி, கோர்வை விட்டுப் போயிரும். முடிச்சிடுதேன்.

வடிவு கோடை பூரா அந்தப் படகுப் பட்டறையிலேயே கிடந்தா. டேப்பை வச்சு அளந்தா, எடை கேட்டா, ஆசாரிங்ககூட உக்காந்து சாப்பிட்டா. சமன்பாடு எல்லாம் எழுதி நம்ம சிஸ்டத்துல போட்டா. படகோட சாய்வுக்கும் ஹெச்தான் வச்சா. எல்லாரும் ஹெச்தான் வைப்போம். விடை ஒத்த வரி. மாடியில நாற்பது பேர் நின்னாலும் படகு எந்தப் பக்கம் எவ்வளவு சாஞ்சாலும் தானா நிமிர்ந்துரும். என் சர்வீஸ்ல அவ்வளவு அழகான விடையைப் பாத்ததில்ல. அதை வச்சு ஒரு கட்டுரைகூட எழுதி அனுப்பிட்டேன், என் பேரு முதல்ல, அவ பேரு ரெண்டாவது.

அவ என்ன சொன்னா தெரியுமா? 'சார், விடை ரொம்ப அழகா இருக்கு. பயமா இருக்கு'ன்னா. அழகா இருந்தா சந்தோஷப்படணும். இவளுக்குப் பயம்.

அப்புறம் ஆயுத பூஜை வந்துச்சு. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் சிஸ்டத்தை அணைப்போம். ஆயுதத்துக்கு ஓய்வு கொடுக்கணும்லா. வடிவுதான் எல்லாத்தையும் துடைச்சு, சந்தனம் வச்சு, குங்குமம் வச்சு, செவ்வந்தி மாலை போட்டா. முன்னால இலையில பொரி, பொட்டுக்கடலை, வாழைப்பழம். பிரின்சிபால் வந்து தீபாராதனை பாத்துட்டு, ரெண்டு கை பொரியை அள்ளிக்கிட்டுப் போனாரு.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளாச்சே, அண்ணாச்சி வேற லெட்டர் எங்க எங்கன்னு போன் போடுதாரு. 'அதே கணக்கை ஒரு தரம் ஓட்டி பிரிண்ட் எடும்மா'ன்னேன். பிரிண்டர் நிக்க மாட்டேங்குது தம்பி. ஒத்த வரி வர வேண்டிய இடத்துல பக்கம் பக்கமாக் கக்குது. ஹெச் வர்க்கம், ஹெச் கனம், இன்னும் என்னென்னமோ. நாற்பது பேர் ஏறினா ஒரு அளவுக்கு மேல சாஞ்ச படகு நிமிராதாம். அதே சிஸ்டம், அதே கணக்கு, அதே பொண்ணு. நடுவுல வந்தது ஒரு பூஜை. நீங்களே சொல்லுங்க, கோளாறு எங்க இருக்கும்?

நான் உடனே மெக்கானிக்கை வரச் சொன்னேன். அவன் பெட்டியைத் திறந்து கவுத்தினான். உள்ளேருந்து உருண்டு வந்து விழுந்துச்சு, ஒரு பொட்டுக்கடலை. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அதை ஒரு தீப்பெட்டியில போட்டு இன்னும் வச்சிருக்கேன். இந்தா, சட்டைப் பையிலதான் இருக்கு. பாப்பா, அது திங்கிறதுக்கு இல்லம்மா.

வடிவு சிரிக்கல. அவ என்ன சொன்னா, 'சார், கடலை இல்ல சார். நீங்க தை மாசம் ஊசலுக்கு ஒரு விதி கொடுத்தீங்களே, அதை எடுக்கவே இல்ல. பொங்கலுக்கு அப்புறம் அந்த சிஸ்டத்துல போட்ட எல்லாக் கணக்குலயும் அது வர்க்கத்தைத் தூக்கித் தூக்கிக் கடாசியிருக்கு. நேத்து அணைச்சோம்லா, அப்பத்தான் அதுக்கு மறந்துச்சு'ன்னா. 'நானும் கவனமாப் பாத்திருக்கணும்ல'ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. அந்த ஒண்ணுதான் அவ ஒழுங்காச் சொன்னது.

செஞ்சும் காட்டினா. அந்த விதியைக் கொடுத்தா. ஒத்த வரி வந்துச்சு. எடுத்தா. பக்கம் பக்கமா வந்துச்சு. திரும்பக் கொடுத்தா, ஒத்த வரி. நான் சொன்னேன், 'பாத்தியா, கடலையை எடுத்ததும் சரியா வருது'ன்னு.

கொஞ்ச நேரம் என்னையே பாத்தா. நெறைய படிச்ச பிள்ளைங்க அப்படித்தான் பாக்கும்.

தம்பி, நான் ஒரு நாள், ஒரு வகுப்புல, ஒரு ஊசலுக்குச் சொன்னேன். அதை ஒரு சிஸ்டம் ஆயுத பூஜை வரைக்கும் ஞாபகம் வச்சிருந்தா அது என் தப்பா? என் பேச்சை அவ்வளவு நாள் யார் ஞாபகம் வச்சிருக்கா? பிள்ளைங்க மணி அடிச்சதும் மறந்துருதாங்க. வீட்டுல சொல்லும்போதே மறந்துருதாங்க.

'சார், ஊசலுக்கு நீங்க சொன்னது ரொம்பச் சரி. ஆனா மாடியில நிக்கிற ஆள்ல ஒருத்தன் டால்பின்னு கத்தினா அத்தனை பேரும் அந்தப் பக்கம் ஓடுவாங்க. அப்ப சாய்வு சின்னதா இருக்காது. நாம தூக்கிப் போட்ட அந்த வர்க்கமும் கனமும்தான் படகைக் கவுக்கும்'னா.

'டால்பின் நம்ம சமன்பாட்டுல இல்லையேம்மா'ன்னேன்.

'அதைத்தான் சார் சொல்லுதேன்'ங்கா.

மாடிக்கு ஒரு எண் சொன்னா. இத்தனை பேருக்கு மேல ஏறக் கூடாதுன்னு. ஆறோ, எட்டோ. நான் காதுல வாங்கல. கட்டுரை அச்சுக்குப் போயாச்சு, அண்ணாச்சி ரெண்டு பெட்டி பனங்கற்கண்டு கொடுத்து விட்டாச்சு, இப்ப வந்து ஆறு, எட்டுன்னா? கடலை விழுந்த சிஸ்டம் சொல்லுறதை நம்பவா, பூஜைக்கு முன்னாடி சுத்தபத்தமா இருந்தது சொன்னதை நம்பவா? நாற்பதுன்னு எழுதி, பச்சை மையில கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்.

அதுல அவ கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டா. தம்பி, அஞ்சு வருஷம் என்கிட்ட இருந்தவ. ஆய்வேடு முடியுற நேரம். அந்தப் படகு அத்தியாயம் இல்லாம ஒண்ணும் நடக்காது, என் கையெழுத்து இல்லாம எங்க காலேஜ்ல அவ பாக்குற தற்காலிக வேலை நிரந்தரம் ஆகாது. அதெல்லாம் தெரிஞ்சும் வேற கைடு பாத்துக்கிட்டுப் போயிட்டா. முதல்லேருந்து ஆரம்பிக்கணும் அவ. கோட்டி பிடிச்ச கழுதை. எனக்கு எரிச்சலா வந்துச்சு, அதைவிட வருத்தமாவும் இருந்துச்சு, பொய் சொல்லல.

போனவ சும்மா போனாளா? அண்ணாச்சியைப் போய்ப் பாத்து மாடியை அடைங்கன்னு சொல்லியிருக்கா. அவர் எனக்குப் போன் போட்டு, 'என்ன சார், உங்க பொண்ணு ஒண்ணு வந்து அபசகுனமாப் பேசிட்டுப் போகுது'ங்காரு. 'விடுங்க அண்ணாச்சி, அவளுக்கு எதைப் பாத்தாலும் பயம்'னேன். அவர் பிரேமை இன்னொரு ஆணி அடிச்சு உறுதியா மாட்டிட்டாராம்.

இன்னைக்கு அந்தப் படகுக்குத்தான் வெள்ளோட்டம். காலையிலயே வடிவு மெசேஜ் அனுப்பியிருக்கா. 'சார், யாரையும் மாடியில ஏத்த விடாதீங்க. நீங்களும் ஏறாதீங்க.' வணக்கம்கூட இல்ல. நான் பதில் போடல. நான் ஏறத்தான் போறேன். முதல் ஆளா ஏறப் போறேன். என் விடை மேல எனக்கு நம்பிக்கை இல்லாட்டா வேற யாருக்கு இருக்கும்?

ஏ பாப்பா, அந்த வாரை இழுக்காதம்மா. ஜிப்பு திறந்துரும். தம்பி, பிள்ளையைப் பிடிங்க.

திறந்துட்டா. என்ன அப்படிப் பாக்கீங்க? சட்டைதான். கடற்காத்து குளிரும்லா, அதுக்குப் போட. ஆமா, ஆரஞ்சு கலர்தான். எனக்கு அது ராசி. பஞ்சு மாதிரி உள்ள வச்சிருக்கான், குளிருக்கு இதம். விசிலா? அது கடைக்காரன் இலவசமாக் கொடுத்தது. ஊதாத பாப்பா. ஊதாதேங்கேன்ல.

போச்சு. ஊதிட்டா. டிரைவர் நிறுத்திட்டாரு. கண்டக்டர் ஊதினாருன்னு நினைச்சுட்டாரு பாவம். ஐயா, ஒண்ணும் இல்ல, சின்னப் பிள்ளை, நீங்க போங்க. அடிபட்டுச்சாம்மா உங்களுக்கு? இல்லல்லா? பாத்தீங்களா தம்பி, நிக்கிற அத்தனை பேரும் மொத்தமா ஒருத்தர் மேல ஒருத்தர் சரிஞ்சுட்டாங்க. ஒரு ஊதலுக்கு. கம்பியைப் பிடிச்சிருந்தவங்களும்தான்.

ம்.

சரி, நீங்க அப்பலேருந்து எதையோ எடுக்கதும் வைக்கதுமா இருக்கீங்களே, என்ன அது? கொடுங்க. பத்திரிகையா? இது நம்ம அண்ணாச்சி படகு விழாப் பத்திரிகைல்லா. இதோ என் பேரு இருக்கு, முனைவர்னு போட்டிருக்கான். இது எப்படி உங்ககிட்ட?

அண்ணாச்சி சம்சாரம் உங்களுக்கு அக்காவா? கூடப் பிறந்த அக்காவா? இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி. நான் சொல்ல விடலையோ. சரி சரி. வீட்டுல எங்க? முன்னாடி சீட்டுல, பச்சைப் புடவை, மடியில இன்னொரு பிள்ளை. அவங்கதானா. இப்ப பஸ் நின்னப்ப பிள்ளையை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சாங்களே, அவங்க.

குடும்பத்து ஆளுங்களுக்குன்னு மாடியில தனியாச் சேர் போட்டிருக்காரா அண்ணாச்சி. எத்தனை சேரு? மாடி நிறையவா. நாற்பதுன்னா நாற்பதும் போட்டுட்டாரா. மனுசன் எழுத்துக்கு மரியாதை கொடுக்கக்கூடியவர்.

பாப்பாவுக்கு டால்பின் காட்டுதேன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா. ஆமாமா, காட்டணும். முதல்ல யார் பாக்காங்களோ அவங்க கத்தணும்னு உங்க பிள்ளைங்க ரெண்டு பேரும் பந்தயம் கட்டியிருக்காங்களா. நல்லா இருக்கு.

பாப்பா, இங்க வா. கையைத் தூக்கும்மா. ரெண்டு கையையும். இந்தச் சட்டையைப் போட்டுப் பாப்போம். பெருசாத்தான் இருக்கு. வாரை எவ்வளவு இறுக்கினாலும் தோள் வழியா நழுவுது. உங்க ரெண்டு பிள்ளையும் சேந்து இதுக்குள்ள நின்னாலும் நழுவும். இருந்ததே இது ஒண்ணுதான், அதுவும் என் அளவுக்கு வாங்கினது.

ஒண்ணும் ஆகாது தம்பி. முகத்தை ஏன் அப்படி வச்சுக்கிடுதீங்க? சாய்வு சின்னதா இருக்கிற வரைக்கும் என் விடை சரிதான், அதுல எந்த மாத்தமும் இல்ல. யாரும் ஒரே பக்கமாப் போகாம, நடுவுல உக்காந்து, கத்தாம, எந்திரிக்காம, டால்பின் வந்தாலும் திரும்பிப் பாக்காம இருந்தாப் போதும்.

கீழ உக்காரலாமே நீங்க. கீழயும் நல்லாத் தெரியும். மத்தவங்களா? மத்தவங்களை நான் என்ன சொல்ல முடியும், பிரேம் போட்டு மாட்டியிருக்கு.

உங்க போன்ல சார்ஜ் இருக்கா? என்னோடது இருக்கு, ஆனா என் நம்பர்ல இருந்து போனா அவ பேரைப் பாத்துருவா. நான் நம்பர் சொல்லுதேன், நீங்க போடுங்க. வடிவுதான். மாடியில எத்தனை பேர்னு அவ ஒரு எண் சொன்னாளே, ஆறா எட்டான்னு மட்டும் கேளுங்க. யார் பேசுதீங்கன்னு கேட்டா, படகுல ஏறப் போற ஆளுன்னு சொல்லுங்க. ரெண்டு பிள்ளைங்களும் வருதுன்னு சொல்லுங்க, அப்பத்தான் சரியாச் சொல்லுவா. கேட்டதும் அண்ணாச்சிக்குப் போட்டு, மச்சான் முறையில நீங்களே அந்த எண்ணைச் சொல்லி மாடியில சேரைக் குறைக்கச் சொல்லிருங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு.

ரிங் போகுதா? எடுத்துட்டாளா? ஆவுடையப்பன் சார் கேக்கச் சொன்னாருன்னு மட்டும் சொல்லிராதீங்க.